கொலுப்படியில் பார்பி: வாசகர் கேள்வி – பதில்

நவராத்திரி நெருங்குகிறது. பார்பி பொம்மைக்குச் சேலை கட்டி, ஜடை பின்னி, கல்யாண செட்டாகவோ நாட்டியக் கச்சேரியாகவோ கொலுவில் வைக்க நினைப்பவர்களின் கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பல கேள்விகளுக்கு அடியில் இருப்பது ஒரே சிக்கல்தான். பொம்மை நம்மைவிட ஆறு மடங்கு சின்னது. நாம் வாங்கும் துணியோ ஆறு மடங்கு மெலிந்து வருவதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

இந்த வருஷம்தான் முதல் தடவையாகப் பொம்மைக்கு உடை தைத்து வைக்கப்போகிறேன். கடையில் விலை மலிவான பொம்மையும் இருக்கிறது, அதைப்போலப் பல மடங்கு விலையிலும் இருக்கிறது. எதை வாங்குவது?
– வாசகி, கும்பகோணம்

பொம்மையை முதலில் வாங்காதீர்கள். வேஷத்தை முதலில் முடிவு செய்யுங்கள். நிற்கிற பெண்ணா, உட்கார்ந்து வீணை வாசிக்கிறவளா, அரைமண்டியில் ஆடுகிறவளா? அதற்குப் பிறகுதான் கடைக்குப் போகவேண்டும்.

சேலை கட்டி நிற்கிற பெண் என்றால் முழங்காலும் முழங்கையும் மடங்காத சாதாரண பார்பியே போதும். சேலை காலை மறைத்துவிடும். உட்காரவோ ஆடவோ வேண்டுமென்றால் 2015-இல் வந்த ‘மேட் டு மூவ்’ வகை தேவை. அதில் 22 மூட்டுகள். முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் எல்லாம் திரும்பும். விலை அதிகம். நிற்கிற பொம்மைக்கு அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை.

முதல் பார்பி 1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் வந்தது. அன்றிலிருந்து உயரம் பதினொன்றரை அங்குலம், அதாவது 29 செ.மீ.தான். 2016-இல் உயரமான, குட்டையான, சதைப்பிடிப்பான உடல்வாகுகளையும் சேர்த்தார்கள். அதனால் ஒரு பொம்மைக்கு வெட்டிய ரவிக்கை இன்னொன்றுக்குச் சேரும் என்று நம்பவேண்டாம். வழக்கமான உடம்பில் மார்பு ஏறக்குறைய 13 செ.மீ., இடுப்பு 9 செ.மீ.; சதைப்பிடிப்பான ‘கர்வி’ வகையில் இடுப்பே 10 செ.மீ.க்கு வந்துவிடும். கல்யாண செட்டில் மடிசார் கட்டிய அம்மாவுக்கும் அத்தைக்கும் இந்தக் கர்வி உடம்புதான் மிகப் பொருத்தம். சேலை அதன்மேல் இயல்பாக உட்காரும்.

கையில் எடுத்ததும் சிலவற்றைப் பாருங்கள். மார்பிலும் இடுப்பிலும் உள்ளாடை, பூ வேலைப்பாடு எல்லாம் பிளாஸ்டிக்கிலேயே புடைப்பாக வார்த்திருந்தால் வேண்டாம். மெல்லிய பட்டுக்கு மேல் அந்த மேடுபள்ளம் தெரியும். முடியை ஒதுக்கி உச்சந்தலையைப் பாருங்கள். மலிவான நகல்களில் நெற்றியோரமும் பின்கழுத்தோரமும் மட்டுமே முடி நட்டிருப்பார்கள். விரித்துப் போட்டிருக்கும்போது தெரியாது. இழுத்து ஜடை பின்னியதும் நடுமண்டை வெறிச்சென்று தெரியும். உடம்பை விரலால் அழுத்தினால் குழிந்தால் அது உள்ளே காலி. எடை இல்லாததால் பட்டுச்சேலையின் கனத்துக்கே சாயும்.

முடி கருப்பு அல்லது அடர்பழுப்பாக இருக்கட்டும். பொன்னிற முடிக்குச் சாயம் ஏற்ற நினைக்காதீர்கள். அது செயற்கை இழை, நம் தலைச்சாயம் பிடிக்காது. குழந்தைகள் வேண்டுமென்றால் பார்பியின் தங்கை ‘செல்சி’ 14 செ.மீ. உயரம், ஆறால் பெருக்கினால் 84 செ.மீ., இரண்டு வயதுக் குழந்தை கணக்கு. கொலுவில் அம்மா பக்கத்தில் நிற்க அளவாக இருக்கும்.

பட்டுச்சேலை கட்டினால் இடுப்பில் துணி மூட்டையாகத் திரள்கிறது. கொசுவம் விரிந்து பாவாடை மாதிரி ஆகிவிடுகிறது. காஞ்சிபுரம் பட்டுத்துணியைத்தான் வெட்டிப் பயன்படுத்தினேன்.
– வாசகி, மயிலாப்பூர்

துணியில்தான் தவறு. காஞ்சிபுரம் பட்டு நமக்கு அழகாக விழுவதற்குக் காரணம் அதன் கனம். அதே கனம் 9 செ.மீ. இடுப்பில் நாலைந்து சுற்று வந்தால் மரப்பட்டை மாதிரி விறைத்து நிற்கும். மென்பட்டு, கிரேப், மெல்லிய பருத்தி மல், பழைய துவைத்த சில்க் காட்டன் ஆகியவை நன்றாக விழும். துணியை உள்ளங்கையில் கசக்கி விட்டுப் பாருங்கள். சத்தமில்லாமல் வழிந்து விழுந்தால் அது பொம்மைக்கு ஆகும். மொடமொடவென்று நின்றால் ஆகாது.

அடுத்தது நீளம். ஐந்தரை மீட்டரை ஆறால் வகுத்தால் 92 செ.மீ. வரும். அத்தனையும் கட்டினால் மூட்டைதான். 75 செ.மீ. போதும். கணக்கு இப்படி: இடுப்பை ஒரு சுற்றுச் சுற்ற 14, கொசுவத்துக்கு 18, மறுபடி பின்னால் சுற்றி வர 14, மார்பைத் தாண்டித் தோளுக்கு 9, தோளிலிருந்து பின்னால் தொங்க 16, மொத்தம் 71. மீதி 4 செ.மீ. ஓர மடிப்புக்கும் முந்தானைக்கும். அகலம் உங்கள் பொம்மையின் இடுப்பிலிருந்து தரை வரை அளந்து, அதோடு 1 செ.மீ. சேர்த்தால் போதும், வழக்கமாக 19, 20 செ.மீ. வரும். மடிசாருக்கு 100 முதல் 105 செ.மீ. வையுங்கள்.

கரை ஒன்றரை செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. நாலு அங்குலக் கரையை ஆறால் வகுத்தால் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். சேலைக்கடை ரவிக்கைத் துணியில் சின்னக் கரை போட்ட ஓரத்தையொட்டி ஒரு பட்டையாக வெட்டிக்கொள்வது சுலபம். அப்படி வெட்டினால் கீழ்க்கரை மட்டும்தான் கிடைக்கும். மேல்கரை மார்புக்குக் குறுக்கே போகும் இடத்திலும் முந்தானையிலும் மட்டுமே கண்ணில் படும் என்பதால், அந்த 30 செ.மீ.க்கு மட்டும் 3 மி.மீ. ஜரிகை லேஸைத் தைத்தால் போதும். இடுப்புக்குள் செருகப்படும் பகுதியில் லேஸ் வைத்தால் அதுவும் மூட்டையாகும்.

இப்போது கொசுவம். இதைப் பொம்மைமேல் வைத்து மடிக்காதீர்கள், மேஜைமேல் செய்யுங்கள். துணியின் தொடக்க முனையிலிருந்து 14 செ.மீ. விட்டு, 1.8 செ.மீ. அகலத்தில் ஐந்து மடிப்பு. ஒரு மடிப்புக்கு 3.6 செ.மீ. துணி போகும். அகலம் பிசகாமலிருக்க 1.8 செ.மீ. அகல அட்டைத்துண்டு ஒன்றை வெட்டிவைத்து அதன்மேலேயே மடியுங்கள். மேலே, நடுவில், கீழே மூன்று இடத்தில் ஹேர்பின் குத்திப் பிடித்து, துண்டு விரித்த மேஜையில் வைத்து, பருத்தித் துணியால் மூடி, பட்டுச் சூட்டில் தேயுங்கள். பருத்திச் சேலை என்றால் நீர்க்கஞ்சி தெளிக்கலாம். பட்டில் நேராகத் தண்ணீர் தெளித்தால் திட்டுத் திட்டாகக் கறை நிற்கும். மூடுதுணியை மட்டும் ஈரமாக்குங்கள்.

பலர் தவறவிடும் இடம் இதற்கு அடுத்தது. தேய்த்த சூட்டோடு பின்னை எடுத்துவிடுவார்கள். இழை மடிப்பில் இறுகுவது ஆறும்போதுதான். சூடாக இருக்கையில் விட்டால் பழைய நிலைக்கே போகும். மேலே ஒரு கனமான புத்தகத்தை வைத்து, தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்வரை காத்திருங்கள். கால் மணி நேரம் ஆகலாம்.

ஆறிய கொசுவத்தின் மேல்முனையை 6 மி.மீ. சாட்டின் ரிப்பனில் தைத்துவிடுங்கள். இடுப்புக்குள் செருகவேண்டிய வேலையே இல்லை; ரிப்பனைப் பின்னால் இழுத்து இரண்டு தையல் போட்டால் சேலை நின்றுவிடும். உள்பாவாடையும் சுருக்கம் வைத்துத் தைக்காதீர்கள். மெல்லிய வெள்ளைத் துணியில், இடுப்புப் பக்கம் குறுகி அடிப்பக்கம் சற்றே விரிந்த குழாய் போதும், நாடா வேண்டாம். கடைசியில் இடுப்பு இன்னும் தடிப்பாகத் தெரிந்தால் அதன்மேல் ஒட்டியாணம். நம் ஆபரணங்களில் பொம்மைக்கு இதைவிட உதவியாக எதுவும் இல்லை.

ரவிக்கையின் கை பொம்மையின் கையில் ஏறவே மாட்டேன் என்கிறது. கட்டை விரலில் மாட்டித் துணி கிழிந்தும் போனது.
– வாசகி, திருநெல்வேலி

ஏற்றும்போது பொம்மையின் கையில் மெல்லிய பிளாஸ்டிக் கவர் துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள். துணி வழுக்கிக்கொண்டு மேலே போகும். பிறகு கவரை உருவிவிடலாம்.

கிழிவதற்குக் காரணம் தைக்கும் வரிசை. நமக்குத் தைப்பதுபோலப் பக்கத்தையும் கையையும் தனித்தனிக் குழாயாக மூட்டிப் பிறகு இணைக்கப் பார்த்தால், 4 செ.மீ. சுற்றளவு உள்ள கைக்குழிக்குள் ஊசி திரும்ப இடமே இருக்காது. தோளை முதலில் மூட்டுங்கள். ரவிக்கை விரிந்து தட்டையாக இருக்கும்போதே கையைக் கைக்குழியோடு தையுங்கள். கையின் அடி ஓரத்தையும் அப்போதே மடித்துத் தைத்துவிடுங்கள். கடைசியாகக் கையின் அடியிலிருந்து அக்குள் வழியாக இடுப்புவரை ஒரே ஓட்டமாக மூட்டுங்கள். அக்குளில் மட்டும் தையலுக்கு 1 மி.மீ. தள்ளி நிறுத்தி இரண்டு சிறு வெட்டு கொடுத்தால் சுருங்காது.

தையல் விடுதல், அதாவது தையலுக்கு வெளியே விடும் துணி, 5 மி.மீ. வைத்துத் தைத்தபின் 3 மி.மீ.க்கு நறுக்கிவிடுங்கள். முதலிலேயே 3 மி.மீ. வைத்துத் தைத்தால் பட்டு பிரிந்து தையலோடு கழன்று வரும். இயந்திரத்தில் தையல் நீளம் 1.5 மி.மீ.; நம் துணிக்குப் போடும் இரண்டரை மி.மீ. தையல் வளைவுகளில் முக்கு முக்காகத் தெரியும். பாலியெஸ்டர் துணியின் ஓரத்தை ஊதுபத்திக் கங்கால் லேசாகத் தடவினால் இழை உருகி அடைபடும். பட்டும் பருத்தியும் கருகும்; அவற்றுக்குத் துணிப் பசையைத் தண்ணீரில் கரைத்து ஓரத்தில் தூரிகையால் ஒரு கோடு இழுத்து உலரவிடுங்கள்.

திறப்பு முதுகில், மேலிருந்து அடிவரை முழுதும் இருக்கட்டும். கொலுவுக்கு மட்டும் என்றால் மாட்டியபின் நாலு தையல் போட்டு மூடிவிடலாம். கழற்றி மாட்டவேண்டுமானால் சின்னக் கொக்கியும் நூல் வளையமும். வெல்க்ரோ வேண்டவே வேண்டாம். பட்டிலும் முடியிலும் ஒட்டிக்கொண்டு இழை இழையாகப் பிடுங்கும்.

அளவெல்லாம் செ.மீ. பக்கத்தில் எடுங்கள். பொம்மைக்கு அரைக்கால் அங்குலம் என்பது 3 மி.மீ.; அங்குல டேப்பில் அந்த வித்தியாசம் கைதவறிப் போகும்.

முடி சிக்காகி, தும்புக்கயிறு மாதிரி ஆகிவிட்டது. கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் சரியாகும் என்றார்கள், ஊற்றினேன், இன்னும் மோசம்.
– வாசகி, ஈரோடு

எல்லாப் பொம்மை முடியும் ஒரே இழை அல்ல. நைலான் முடி கொதிநீரைத் தாங்கும், நேராகும். சரண் என்ற இழை கனமாக, வழவழப்பாக விழும்; அதற்கும் கனேகலான் என்ற இன்னொரு செயற்கை இழைக்கும் 75 டிகிரி அளவுச் சூடு போதும். மலிவான பொம்மைகளில் வருவது பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன். தொட்டால் காய்ந்த மாதிரி, சற்றே மெழுகுப் பிடிப்போடு இருக்கும். அது சுருளையும் நிறுத்தாது, ஒருமுறை பரட்டையானால் முழுதாகத் திரும்பவும் வராது. ஆகவே பின்கழுத்தில் நாலு இழையை வெட்டி, ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டுப் பாருங்கள். சுருண்டு சுருங்கினால் அந்தச் சூடு ஆகாது.

செய்முறை: ஷாம்பூ போட்டு அலசி, ஈரத்திலேயே இரும்புச் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். உச்சியிலிருந்து இழுத்தால் சிக்கெல்லாம் நுனியில் சேர்ந்து முடிச்சாகும். கொதித்து இறக்கிய நீரை ஐந்து நிமிடம் ஆறவிட்டு, முகத்தில் படாமல் முடியின்மேல் ஊற்றிச் சீவி, உடனே குளிர்ந்த நீர் ஊற்றுங்கள். கொசுவத்துக்குச் சொன்னதேதான் இங்கும்: சூடு வளைக்கும், குளிர்ச்சி நிறுத்தும். தலைக்குள் போன தண்ணீர் வடியப் பொம்மையைத் தலைகீழாக நிறுத்தி உலரவிடுங்கள். தலையைக் கழற்ற நினைத்தால் கழுத்தை வெந்நீரில் இரண்டு நிமிடம் வைத்து இளக்கியபின் கழற்றுங்கள். குளிரக் குளிர இழுத்தால் உள்ளே இருக்கும் குமிழ் முறியும்.

ஜடையை ரப்பர் பேண்டால் கட்டாதீர்கள். மாதக்கணக்கில் இருந்தால் உருகி முடியோடு பிசினாகும். கறுப்பு நூலால் கட்டுங்கள். மீளாத பரட்டை என்றால் முடியை ஒட்ட நறுக்கி, மண்டையில் கறுப்பு அக்ரிலிக் வண்ணம் பூசி, கறுப்புப் பட்டு எம்ப்ராய்டரி நூலை நடுவகிடிலிருந்து இருபுறமும் வரிசையாக ஒட்டிப் பின்னுங்கள். நம் ஊர் எண்ணெய் தடவிய தலை மாதிரி படிந்து, வாங்கிய முடியைவிட இதுதான் அழகாக அமையும்.

தலையில் வைக்க மல்லிகைச்சரம் எப்படிச் செய்வது? வெள்ளை மணி கோத்தால் முத்துமாலை மாதிரி இருக்கிறது. நகைகளும் பெரிதாகத் தெரிகின்றன.
– வாசகி, மதுரை

மணியில் மல்லிகை வராது. பூத் தொடுக்கத் தெரிந்த கை இருந்தால் அதையே சின்னதாகச் செய்யுங்கள். வெள்ளை எம்ப்ராய்டரி நூலின் ஆறிழையையும் பிரிக்காமல் 1 செ.மீ. துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். பச்சைத் தையல் நூலை நாராக வைத்து, இந்தப் பக்கம் இரண்டு துண்டு, அந்தப் பக்கம் இரண்டு துண்டு என்று நிஜப்பூ தொடுப்பதுபோலவே முடிச்சுப் போட்டு நெருக்குங்கள். 8 செ.மீ. சரம் ஆனதும், கத்தரியால் இருபுறமும் 3 மி.மீ. விட்டு நறுக்கி, நுனியை ஊசியால் லேசாகப் பிரித்துவிட்டால் அரும்பு பாதி விரிந்த மாதிரி நிற்கும். இதே முறையில் ஆரஞ்சு நூல் கனகாம்பரம். இடையிடையே இரண்டு பச்சைத் துண்டு வைத்தால் மரிக்கொழுந்து.

நகைக்கு ஆறால் வகுக்கும் கணக்கை விடாதீர்கள். நாம் போடும் 18 மி.மீ. பதக்கம் பொம்மைக்கு 3 மி.மீ. கல். அட்டிகைக்கு 2 மி.மீ. சிவப்புக்கல் வரிசை, காசுமாலைக்கு 2 மி.மீ. தங்கநிறச் சமிக்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி, வளையலுக்குத் தங்க நூலை நாலு சுற்று. ஒட்ட சூப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவி பட்ட இடமெல்லாம் பிளாஸ்டிக்கில் வெண்படலம் படியும். துணிப் பசையைப் பல்குத்தும் குச்சி முனையால் தொட்டு வையுங்கள்.

பரதநாட்டியப் பொம்மைக்கு எது சிக்கல், உடையா, நிற்பதா?
– வாசகி, சிதம்பரம்

நிற்பது. அரைமண்டியில் முழங்கால் வெளிப்பக்கம் மடியவேண்டும், பாதம் தரையில் படியவேண்டும். மேட் டு மூவ் பொம்மையால் மட்டுமே இது ஓரளவுக்கு முடியும். முழு அரைமண்டிக்கு இடுப்பு மூட்டு வெளியே திரும்பாது. விசிறி மடிப்பை இரு தொடைக்கும் நடுவே நன்றாக விரித்துத் தைத்தால் கால் இன்னும் திறந்திருப்பதுபோலத் தெரியும். விசிறிக்கு மட்டும் மேலே சொன்னதற்கு மாறாக விறைப்பான, கரை போட்ட பட்டே நல்லது. உள்ளே மெல்லிய கான்வாஸ் வைத்து 1 செ.மீ. மடிப்பாக மடித்துத் தேயுங்கள். பைஜாமாவின் இரண்டு காலையும் பொம்மையின் காலை மடக்கி வைத்துத்தான் அளக்கவேண்டும். நேராக நிறுத்தி அளந்து தைத்தால் மடக்கியதும் முழங்காலில் இறுக்கிப் பொம்மையைத் தானாகவே நிமிர்த்திவிடும்.

சேலை கட்டிய பொம்மை பின்பக்கம் சாய்கிறது.
– வாசகி, காரைக்குடி

முந்தானையின் கனம் பின்னால் இழுக்கிறது. சாதாரணப் பார்பியின் பாதம் குதிகால் செருப்புக்கென்று நுனிக்காலில் வார்த்தது, தானாக நிற்கவும் செய்யாது. 10 செ.மீ. சதுரப் பலகையில் 3 மி.மீ. கம்பியைப் பின்பக்கம் நட்டு, இடுப்பு உயரத்தில் வளைத்து அரைவட்டமாக இடுப்பைப் பிடிக்கச் செய்யுங்கள். கம்பிக்குத் துணி சுற்றுங்கள். சேலை கட்டும் முன்பே இதை மாட்டவேண்டும்.

பார்பியின் ஜோடியான ஆண் பொம்மை கென்னுக்கு வேட்டி என்ன அளவு?
– வாசகர், தஞ்சாவூர்

நாலு முழ வேட்டிக்கு 30 செ.மீ. நீளம், எட்டு முழத்துக்கு 60. அகலம் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை அளந்துகொள்ளுங்கள். மல் துணியில் 3 மி.மீ. ஜரிகை ரிப்பன் கரை. பஞ்சகச்சத்துக்கு எட்டு முழ அளவே சரி, ஆனால் கென்னின் கால்கள் நெருங்கி இருப்பதால் பின்கச்சத்தில் இரண்டு மடிப்புக்கு மேல் வைக்காதீர்கள். பூணூல் வெள்ளைத் தையல் நூல் மூன்றிழை, முறுக்காமல்.

மீனாட்சி அலங்காரத்துக்குப் பொம்மையைப் பச்சையாக்கப் பார்த்தேன். ஸ்ப்ரே பெயின்ட் அடித்து ஒரு மாதம் ஆகியும் பிசுபிசுப்பு போகவில்லை.
– வாசகி, விருதுநகர்

இனியும் போகாது. மிருதுவான பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்த்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் மேலே வந்து பெயின்ட்டை உலரவிடாமல் இளக்கிக்கொண்டே இருக்கும். அந்தப் பொம்மையின் தலை மிருதுவான ரப்பர் மாதிரி இருந்தால் அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுக்கலாம். முகத்தில் அச்சிட்ட கண்ணும் வாயும் சேர்ந்தே போய்விடும் என்பதற்குத் தயாராக இருங்கள். கெட்டியான உடம்பில் அசிட்டோன் படக்கூடாது, உடம்பே கரையும்.

புதிதாகச் செய்வதானால் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பச்சையைப் பஞ்சால் ஒற்றி ஒற்றி, மூன்று நாலு மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே நன்றாக உலரவிட்டு. முகம், கழுத்து, முழங்கைவரை கை மட்டும் போதும். தோள் மூட்டில் பூசினால் அசைக்கையில் உரியும். கிளியை எந்தக் கையில் வைக்கிறீர்கள் என்பதில் கவனம் இருக்கட்டும். மதுரை மீனாட்சிக்கு வலக்கையில், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்கு இடக்கையில்.

அரக்குச் சேலையைக் கழற்றினால் பொம்மையின் காலெல்லாம் சிவப்புக் கறை. சோப்பில் போகவில்லை. கொலு முடிந்ததும் எப்படி எடுத்து வைப்பது?
– வாசகி, கோயம்புத்தூர்

சாயம் மேலே ஒட்டவில்லை, பிளாஸ்டிக்குக்குள் இறங்கியிருக்கிறது. அதனால்தான் சோப்பு எட்டவில்லை. மருந்துக்கடையில் முகப்பருவுக்கு விற்கும் பென்சாயில் பெராக்சைடு கிரீமைக் கறைமேல் மட்டும் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, வெயிலில் சில மணி நேரம் வையுங்கள். கழுவிவிட்டு மறுநாளும் செய்யுங்கள். சில நாளில் மங்கும். முகச்சாயத்தில் படக்கூடாது. மாநிற, கருநிறப் பொம்மைகளில் இது தோலின் நிறத்தையே வெளிறச் செய்யும், அவற்றில் வேண்டாம்.

அடுத்த முறை அரக்கு, கறுப்பு, கரும்பச்சைத் துணியை வெட்டும் முன் ஈரவெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால், பருத்தி என்றால் ஏறாத வரை அலசுங்கள். அலச முடியாத பட்டுக்கு வெள்ளை உள்துணி கட்டாயம்.

விஜயதசமி கழிந்ததும் சேலையைக் கழற்றித் தனியாக மடித்து வையுங்கள். ஜரிகைத் துணியும் பித்தளை நகையும் வருஷம் முழுக்கப் பொம்மைமேல் இருக்கக்கூடாது. உலோகத் தோடு குத்திய காதுமடலில் காலப்போக்கில் பச்சை படரும், அது உள்ளே ஊறிப்போனால் எடுப்பது மிகக் கடினம். பொம்மையை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் படுக்கவையுங்கள். பெட்டிக்குள் நாப்தலீன் உருண்டை போடாதீர்கள், அதன் ஆவி பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். பூச்சிக்குக் காய்ந்த வேப்பிலையை ஒரு சின்னத் துணிப்பையில் கட்டி, சேலை இருக்கும் பெட்டியில் வைத்தால் போதும்.